நீர்த்துளியை ஒலியால் நிறுத்துவது: டைனிலெவ் கிட், ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். பரப்பு இழுவிசையை (திரவத்தின் மேற்பரப்பைச் சுருக்கி இறுக்கும் விசை) ஒரு பாடத்திலும் நிலை அலைகளைப் (எதிரெதிரே வரும் அலைகள் கலந்து ஓரிடத்திலேயே நின்று அதிர்பவை) பல வாரங்கள் கழித்து வேறொரு பாடத்திலும் நடத்துவது வழக்கம்; இடையில் ஒரு தேர்வே முடிந்துவிடும் என்பதால் மாணவர்கள் அவற்றைத் தொடர்பற்ற இரண்டு செய்திகளாகவே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டும் ஒரே நீர்த்துளியின் மேல் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதை வகுப்பில் காட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் சிறு பொருள்களை ஒலியால் அந்தரத்தில் நிறுத்தும் டைனிலெவ் எனப்படும் ஒலி மிதப்பான் கிட்டை ஆறு மாதங்களுக்கு முன் வாங்கினேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். இது மிக நல்ல கருவி. ஆனால் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள பவர் சப்ளை ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும், அல்லது அதையும் சேர்த்தே வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் தெர்மாகோல் உருண்டையை மிதக்கவிட்டு இரண்டு நாள் வியந்த பின் கிட் அலமாரிக்குப் போய்விடும். தெர்மாகோலுக்கு எந்த வோல்டேஜும் போதும். திரவம் அப்படியன்று, அதற்கு ஒரு வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் கதை மாறிவிடுகிறது.

இந்த வடிவமைப்பு இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஆசியர் மார்ஸோ, ஏட்ரியன் பார்ன்ஸ், புரூஸ் டிரிங்க்வாட்டர் ஆகிய மூவரும் 2017-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டதோடு, சட்டத்தின் முப்பரிமாண அச்சுக் கோப்பையும் நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளும்படி திறந்துவைத்தார்கள். அதற்கு முன் ஒலியால் பொருளை மிதக்கவைக்க லாஞ்செவின் வகை ஹார்ன்கள் எனப்படும் பெரிய மீயொலி மூலங்களே பெரிதும் பயன்பட்டன. அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும். ஹார்னுக்கும் எதிரே உள்ள பரப்புக்கும் இடைப்பட்ட தூரம் ஒலியின் அலைநீளத்தோடு நுட்பமாகப் பொருந்த வேண்டும். அறையின் வெப்பநிலை சற்று மாறினாலும் அந்தப் பொருத்தம் கலைந்துவிடும். டைனிலெவ் ஒரே பெரிய மூலத்துக்குப் பதிலாக 72 சிறிய மூலங்களை வைத்துக்கொண்டு இந்தச் சிக்கல்களைத் தாண்டிவிடுகிறது. காரைப் பின்னோக்கி எடுக்கும்போது ஒலி எழுப்பி எச்சரிக்கும் சென்சாரில் இருப்பதைப் போன்ற, மின்சாரத்தைக் காதுக்கு எட்டாத ஒலியாக மாற்றும் மீயொலி டிரான்ஸ்டியூசர்கள்தாம் அவை. ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் விட்டம், 40 கிலோஹெர்ட்ஸ். மேலே 36, கீழே 36 என்று ஒன்றையொன்று பார்த்திருக்கும் இரண்டு கிண்ணங்களில் அவற்றைப் பொருத்த வேண்டும். அலையை உண்டாக்க ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணிப்பலகை, அதைப் பெருக்கிக் கொடுக்க எல்298என் மோட்டார் டிரைவர். பொம்மைக் காரின் மோட்டாரை ஓட்டுவதற்காகக் கடையில் கிடைக்கும் அந்தப் பலகையை மீயொலிக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுகொண்டதை நான் பெரிய திறமையாகவே மதிக்கிறேன்.

பொருத்தும் வேலையை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. சால்டரிங் கடினமில்லை, துருவம் பார்ப்பதுதான் பொறுமையைச் சோதிக்கிறது. ஒவ்வொரு டிரான்ஸ்டியூசருக்கும் இரண்டு கால்கள் உண்டு. எது நேர், எது எதிர் என்பதைக் காட்டும் குறி சிலவற்றில் தவறாக இருந்தது. தவறிய ஒன்று மற்ற 35-உடன் சேர்ந்து தள்ளாமல் அவற்றுக்கு எதிராகத் தள்ளும்; அதாவது தானும் பயனற்றுப்போய், இன்னொன்றின் பயனையும் அழித்துவிடும். ஆகவே ஒரு டிரான்ஸ்டியூசரை ஆர்டுயினோவால் இயக்கிவிட்டு, மற்ற ஒவ்வொன்றையும் அதற்கு நேர் எதிரே அதே தூரத்தில் பிடித்து, அதில் தோன்றும் அலை, மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்த்து, சிவப்பு மையால் குறியிட்டுக்கொண்டேன். பள்ளி ஆய்வகத்தில் ஆசிலோஸ்கோப் இருந்ததால் எனக்கு இது எளிதாயிற்று. இல்லாதவர்கள் துருவம் சோதித்துக் குறியிட்ட டிரான்ஸ்டியூசர்களாகக் கேட்டு வாங்குவது நல்லது. சற்று விலை கூடினாலும் அந்தத் தொகை வீண் போகாது. கம்பிகளை இணைத்து முடித்தபின், மின்சாரம் கொடுப்பதற்கு முன், குறுக்குச்சுற்று ஏதும் இல்லையா என்பதை மல்டிமீட்டரால் ஒரு முறைக்கு இரு முறை பார்த்துவிட வேண்டும்.

இனித் திரவத்துக்கு வருகிறேன். 25 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் செல்கிறது. அதை 40,000-ஆல் வகுத்தால் அலைநீளம் 8.65 மில்லிமீட்டர். மேலிருந்தும் கீழிருந்தும் வரும் அலைகள் கலந்து நிலை அலை உண்டாகும்போது, அழுத்தம் மாறாமல் இருக்கும் கணுக்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்றாக, அதாவது 4.3 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அமைகின்றன. துளி அந்தக் கணுவுக்குச் சற்றுக் கீழே தங்குகிறது. அது கீழே இறங்க முயன்றால் ஒலி அதை மேலே தள்ளுகிறது. பக்கவாட்டில் நழுவ முயன்றால் நடுவுக்குத் தள்ளுகிறது. கணுக்களின் இடைவெளியே 4.3 மில்லிமீட்டர் என்பதால் துளியின் அளவுக்கும் அங்கேயே எல்லை வந்துவிடுகிறது. கட்டுரை ஆசிரியர்கள் 4 மில்லிமீட்டர் விட்டம் வரையும், ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.2 கிராம் அடர்த்தி வரையும் இது தாங்கும் என்கிறார்கள். திடப்பொருளைப் பொறுத்தவரை அதை நம்பலாம்: கடுகு நின்றது, உடைந்த அரிசி நின்றது. தண்ணீரில் 3 மில்லிமீட்டருக்கு மேல் என்னால் நெடுநேரம் நிறுத்த முடியவில்லை.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால்தான் வோல்டேஜைப் பற்றி நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது புரியும். விற்பனையாளர் கிட்டுடன் அனுப்பியது 12 வோல்ட் அடாப்டர்; அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஊசிமுனையில் ஒரு துளியைத் தொங்கவிட்டுக் கணுவுக்குக் கொண்டுபோனேன். ஊசியை விலக்கிய நொடியில் துளி அப்பளம்போல் தட்டையாக விரிந்து, விளிம்பு நடுங்கி, பொடித்தூறலாகச் சிதறியது. எட்டு முறை முயன்றேன். எட்டு முறையும் கண்ணாடியைத் துடைத்ததுதான் மிச்சம். கிட்டில் ஏதோ கோளாறு என்றே அன்று இரவு நினைத்தேன். மறுநாள் ஆய்வகத்திலிருந்து வோல்டேஜ் மாற்றும் பவர் சப்ளையை எடுத்து வந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறக்கி, மீண்டும் துளியை வைத்தேன். நின்றது. மேசைக்கு மேலே, எதையும் தொடாமல், லேசாக மின்னிக்கொண்டு ஒரு நீர்த்துளி நின்றதைப் பார்த்தபோது, இருபது ஆண்டுகள் நடத்திய பாடத்தை அன்றுதான் முதல் முறை நேரில் சந்தித்ததாகத் தோன்றியது.

அந்தத் துளி முழு உருண்டை இல்லை. நன்றாக ஊற்றிய சின்ன இட்லியின் வடிவம். ஒலி துளியைத் தூக்கிப் பிடிப்பதோடு நிற்பதில்லை, அதைப் பிசையவும் செய்கிறது. துளியின் உச்சியும் அடியும் அழுத்தம் மிகும் பகுதிகளை நோக்கியிருப்பதால் அங்கே ஒலி அதை உள்நோக்கி அமுக்குகிறது. இடுப்பைச் சுற்றிக் காற்றுத் துகள்கள் மிக வேகமாக முன்னும் பின்னும் பாய்வதால், நாம் பெர்னோலி தேற்றத்தில் படிப்பதுபோல், அங்கே அழுத்தம் குறைந்து துளி வெளிநோக்கி இழுபடுகிறது. இந்த இரண்டையும் எதிர்த்து அதை உருண்டையாக வைத்திருக்க முயல்வது பரப்பு இழுவிசை ஒன்றே. திரவத்துளிக்குள் மிகையழுத்தம் 2T/R என்று கரும்பலகையில் எழுதுகிறோமே (T பரப்பு இழுவிசை, R ஆரம்), அதில் T தண்ணீருக்கு மீட்டருக்கு 0.072 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டு 1.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கணக்கிட்டால் 96 பாஸ்கல் வருகிறது. வளிமண்டல அழுத்தத்தில் இது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. துளியின் தோலுக்கு உள்ள வலிமை அவ்வளவுதான். ஒலியின் அமுக்கம் அதை நெருங்கும்போது துளி விரிகிறது, மிஞ்சும்போது உடைகிறது.

அதனால் பவர் சப்ளையின் திருகைப் பிடித்துக்கொண்டு இருந்தால் துளியின் வடிவமே கைக்குள் வந்துவிடுகிறது. மெல்லக் குறைத்தால் இட்லி கோலிக்குண்டை நோக்கித் திரள்கிறது. இன்னும் குறைத்தால் தாங்க வலுவின்றிக் கீழே விழுகிறது. கூட்டினால் விரிகிறது, இன்னும் கூட்டினால் சிதறுகிறது. விழுவதற்கும் சிதறுவதற்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய இடைவெளியில்தான் எல்லாப் பரிசோதனைகளும் நடக்கின்றன. துளி காயக் காய இந்த இடைவெளி அகலமாவதையும் கண்டேன். ஆரம் 0.5 மில்லிமீட்டராகச் சுருங்கும்போது அதே சூத்திரம் 288 பாஸ்கல் தருகிறது. சிறிய துளி அவ்வளவு இறுக்கமானது. ஒரு மணி நேரத்துக்குள் துளி தானாகவே இட்லியிலிருந்து உருண்டையாக மாறிச் செல்வதை மாணவர்கள் தேநீர் இடைவேளையைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துளியை உள்ளே வைக்கும் கைப்பழக்கம் வர இரண்டு வாரம் ஆகும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சும், இருப்பதில் மிக மெல்லிய ஊசியும் வேண்டும். ஊசி தடித்தால் அதுவே ஒலியைக் குலைத்துவிடும். அதோடு துளியும் ஊசியை விட்டு வர மறுக்கும். பக்கவாட்டிலிருந்து ஊசியை நடுக் கணுவுக்குக் கொண்டுபோய், துளி வேண்டிய அளவு பெருத்ததும், இழுப்பதுபோல் இல்லாமல் சட்டென்று ஊசியைப் பின்வாங்க வேண்டும். நடுவில் உள்ள கணுக்களே வலுவானவை. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு துளிகள் வரை நிறுத்தியிருக்கிறேன். ஆர்டுயினோவில் உள்ள பொத்தான்களை அழுத்தினால் ஒரு கிண்ணத்து அலையின் கட்டம் (அது ஏறி இறங்கும் தருணம்) மாறி, எல்லாத் துளிகளும் வரிசை கலையாமல் மேலேயோ கீழேயோ நகர்கின்றன. தண்ணீரை மிக மெதுவாக நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் மேசை நனையும்.

மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் நாற்பது மாணவர்களை உட்காரவைப்பது எளிதன்று. கடைசியில் பழைய மீன்தொட்டி ஒன்றைக் கவிழ்த்துக் கருவியை மூடிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் ஊசி நுழைய வழிவிட்டுச் சமாளித்தேன். வெப்பநிலைக்கும் சிறிய பங்கு உண்டு: 35 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 352 மீட்டரை எட்டுவதால் அலைநீளம் 8.8 மில்லிமீட்டராகிவிடுகிறது, பிற்பகலில் காலையைவிடச் சற்றுக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்பட்டதற்கு இதுவும், டிரான்ஸ்டியூசர்கள் சூடேறுவதும் காரணமாக இருக்கலாம்.

தண்ணீரை விட்டு வேறு திரவங்களுக்குப் போனால் கருவியின் அருமை இன்னும் தெரிகிறது. எத்தனாலின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 0.022 நியூட்டன், தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே தண்ணீர் அமைதியாக நிற்கும் வோல்டேஜில் அது சிதறிவிடுகிறது. நல்ல வேளையாக அது தண்ணீரைவிட இலேசானது என்பதால் குறைந்த ஒலியே அதைத் தாங்கப் போதும். 1933-ல் பியூக்ஸ், முல்லர் என்ற ஆய்வாளர்கள் முதன்முதலில் காற்றில் ஒலியால் நிறுத்திக் காட்டிய துளிகளும் ஆல்கஹால் துளிகள்தாம். தேங்காய் எண்ணெய் எனக்கு வியப்பளித்தது: ஊசியிலிருந்து பிரிக்க மிகவும் தொல்லை கொடுத்தாலும், ஒருமுறை நின்றுவிட்டால் அதன் பிசுக்குமை நடுக்கத்தை அடக்கிவிடுவதால் தண்ணீரைவிட அமைதியாக நிற்கிறது, காய்ந்தும் போவதில்லை. படம் எடுக்க விரும்புகிறவர்கள் எண்ணெயில் தொடங்கலாம். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து அதே வோல்டேஜில் வைத்துப் பாருங்கள். துளி கண்ணெதிரே தட்டையாகும். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது என்ற ஒரு வரியை விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கிட்டுடன் வரும் நிரல் துளியை நிறுத்தவும் நகர்த்தவும் மட்டுமே உதவும். அதில் ஒரு சிறு மாற்றம் செய்து, ஒலியின் வலுவை நொடிக்குச் சில பத்து முறை ஏறி இறங்கும்படி ஆக்கினால் துளி ஆடத் தொடங்கும். துளி தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற இயல்பு அதிர்வெண்ணை ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு 1879-லேயே கணக்கிட்டுவிட்டார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள நீர்த்துளிக்கு அது நொடிக்கு ஏறத்தாழ 120. ஒன்றரை மில்லிமீட்டருக்கு 66. இந்த இரண்டாவது அளவில், நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைபேசிக் கேமராவில் துளி நீள்வதும் சுருங்குவதும் தெளிவாகவே பதிவாகிறது. ஒலியின் ஏற்றத்தாழ்வை இயல்பு அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு அருகே வைத்தால், ஊஞ்சலில் நின்று ஆடுகிறவர் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உந்துவதைப்போல ஆற்றல் ஏறி, துளியின் விளிம்பில் முனைகள் எழுகின்றன. அதிரும் தட்டின் மேல் உள்ள நீர்ப்பரப்பு தட்டின் அதிர்வெண்ணில் பாதியில் அலைவதை மைக்கேல் ஃபாரடே 1831-ல் குறித்ததும் இதே வகை நிகழ்வே. ஒரே ஒரு முறை எனக்குத் துளி முக்கோணமாக ஆடியது. சில நொடிகள்தாம், அதன் பின் உடைந்துவிட்டது. அந்தக் காட்சியை இப்போதும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். வாங்குகிறவர்கள் இந்த மாற்றத்தைத் தவறாமல் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கருவியிடம் எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. 2018-ல் சீனாவின் வடமேற்குப் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில், ஒலியால் தட்டையாக்கிய துளியைக் கிண்ணமாக வளையச் செய்து, சட்டென்று உப்பிய முழுக் குமிழியாகவே மாற்றிக் காட்டினார்கள். நான் சோப்புத் தண்ணீரில் பலமுறை முயன்றும் விரிந்த துளி கிழிந்ததே தவிர வளையவில்லை. அதற்கு இதைவிட வலுவான ஒலி வேண்டும். அதேபோல் பெரிய துளிகளைப் பார்க்க வேண்டுமானால் எடையே இல்லாத இடத்துக்குத்தான் போக வேண்டும். 1985-ல் டெய்லர் வாங் என்ற இயற்பியலாளர் சேலஞ்சர் விண்கலத்தில் ஸ்பேஸ்லேப் 3 பயணத்தில் சென்று, ஒலியால் துளிகளைப் பிடித்துச் சுழற்றும் தம் கருவியை அங்கே இயக்க முற்பட்டபோது அது வேலை செய்யவில்லை; பல ஆண்டு உழைப்பு வீணாகிவிடக் கூடாது என்று அவர் சுற்றுப்பாதையிலேயே அதைப் பிரித்துப் பழுது பார்த்துப் பரிசோதனையை நடத்தி முடித்தார். துருவம் மாறிய டிரான்ஸ்டியூசரைத் தேடி நள்ளிரவில் உட்கார்ந்திருந்தபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள். 40 கிலோஹெர்ட்ஸ் நம் காதுக்குக் கேட்காது. கேட்கவில்லை என்பதற்காகக் கிண்ணங்களுக்கு அருகே காதைக் கொண்டுபோகக் கூடாது. பூனைக்கும் நாய்க்கும் இந்த அதிர்வெண் கேட்கும் என்பதால் கருவி ஓடும் அறையில் அவற்றை விடக் கூடாது. எத்தனால் சோதனையின்போது அருகில் தீயோ சால்டரிங் கம்பியோ இருக்கக் கூடாது. மோட்டார் டிரைவர் நன்றாகவே சுடும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வு கொடுக்கிறேன்.

நான் வாங்கிய இணையக் கடையின் சேவை சுமார்தான். 72 டிரான்ஸ்டியூசர்களில் இரண்டு வேலை செய்யவில்லை. மாற்றுக்கு எழுதிய கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்தே பதில் வந்தது. கையேடு என்று வைத்திருந்த இரண்டு பக்கத் தாளில் திரவங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைவிட வருத்தம், மேலே சொன்ன 12 வோல்ட் அடாப்டர். நீர்த்துளி மிதக்கும் படத்தை அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டுவிட்டு, நீர்த்துளி நிற்கவே முடியாத அடாப்டரை உள்ளே வைப்பது சரியன்று. எனக்கு ஆன செலவு அஞ்சலோடு 9,000 ரூபாய். பவர் சப்ளை பள்ளியுடையது. மின்னணுக் கடை பக்கத்தில் இருப்பவர்கள் பாகங்களைத் தனித்தனியே வாங்கி, சட்டத்தை மட்டும் அச்சிடக் கொடுத்தால் இன்னும் மலிவாக முடிக்கலாம்.

கிட்டின் பயன் பள்ளியோடு நின்றுவிடுவதில்லை. பாத்திரத்தின் சுவரைத் தொடாமல் ஒரு திரவத்தை உலரவைப்பது ஆய்வாளர்களுக்குப் பெரிய வசதி. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் மருந்துக் கரைசல்கள் படிகமாகாமல் உலர்வதற்கு ஒலி மிதப்பைப் பயன்படுத்தினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நுண்சிலிக்கா கலந்த துளிகளை மிதக்கவிட்டுச் சூடாக்கி, அவை கிண்ணமாகவும் வளையமாகவும் உறைவதை ஆராய்ந்திருக்கிறார்கள். அதைப் படித்த பின் நானும் செறிவான உப்புக் கரைசலில் ஒரு துளியை நிறுத்தினேன். முதல் அரைமணி நேரம் வெறும் நீர்த்துளியைப் போலவே சுருங்கியது. பிறகு அதன் இடுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி, மெல்லச் சுழன்று, பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டது. துளி பளபளப்பை இழந்து சொரசொரப்பானது, ஆட்டம் நின்றது. உப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.16 கிராம், கருவியின் எல்லையோ 2.2 என்பதால், தண்ணீர் முழுவதும் போனபின் அது எல்லையின் விளிம்பில்தான் நிற்கும் என்று ஒரு மாணவி கணக்குப் போட்டுச் சொன்னாள். வோல்டேஜைச் சற்றுக் கூட்டிவைத்தோம். மாலை மணி அடித்து எல்லோரும் பையை எடுத்துக்கொண்ட பிறகும், கடுகளவு உப்புக்கட்டி ஒன்று அதே கணுவில் நின்றுகொண்டிருந்தது.